அணுக்கருவைத் திருப்பும் லேசர்

கேள்வி: கதிரியக்க அணுக்கருக்களின் தற்சுழற்சியை ஒரே திசைக்குத் திருப்பிக் கற்றையாக அனுப்புகிறார்களாமே? அதற்குக் கடுங்குளிர் வேண்டாமா?

பதில்: இயற்பியலாளர் வூ அம்மையார் கோபால்ட்-60 அணுக்கருக்களை ஒரே திசைக்குத் திருப்பிய, 1957-இல் வெளியான சோதனைக்குக் குளிர் வேண்டியிருந்தது. ஆனால் இங்கே கற்றையாக அனுப்பும் கதிரியக்க லித்தியம்-8-இன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 0.84 நொடிதான். குளிரவைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்தில் லேசரே அந்த வேலையைச் செய்கிறது. லித்தியம் அயனிகளை முதலில் சோடியம் ஆவிக்குள் விடுகிறார்கள். அங்கே ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு அவை நடுநிலை அணுக்களாகும். பிறகு அவற்றின் பாதையிலேயே, வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது மின்புலம் சுழன்றபடி செல்லும், 671 நானோமீட்டர் லேசர். அணு ஒளியை விழுங்கும், உமிழும், மறுபடி விழுங்கும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஃபோட்டானின் கோண உந்தம் அணுவில் சேரும். எலக்ட்ரான் வழியாக அது அணுக்கருவுக்கும் போகும். அணுவின் வேகம் கொஞ்சம் பிசகினாலும் டாப்ளர் விளைவால் (வேகத்தைப் பொறுத்து ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவதால்) லேசர் அதைத் தொடாது. அதனால் அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் ஹீலியம் வாயு எலக்ட்ரானைப் பறித்து, மீண்டும் அயனியாக்கி அனுப்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதைச் சரிபார்க்கும் முறை. தற்சுழற்சி ஒரே திசைக்குத் திரும்பிய லித்தியம் சிதையும்போது வெளிவரும் பீட்டா எலக்ட்ரான்கள், அந்தத் திசைக்கு முன்னும் பின்னும் சமமாகப் பறக்காது. லேசரின் சுழல் திசையை மாற்றினால் அந்த ஏற்றத்தாழ்வும் தலைகீழாக வேண்டும். அப்படி ஆனால்தான் நம்புவேன். உணர்கருவிகளின் குறையால் வரும் ஏற்றத்தாழ்வு லேசரை மாற்றினாலும் தலைகீழாகாது; அதனால் அந்தச் சோதனையில் அது பிடிபட்டுவிடும்.