விழுங்கும்போது சிக்குவது தண்ணீரா, சாப்பாடா? – கேள்வி பதில்

விழுங்கும் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதிலோடு தந்திருக்கிறேன். 'எனக்கு என்ன நோய்?' என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் எது சிக்குகிறது, எந்த நேரத்தில், எப்போதிருந்து என்று கவனித்துச் சொன்னீர்கள் என்றால் மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சாப்பாடு இறங்கிவிடுகிறது, தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. தண்ணீர் எளிதுதானே மேடம்?

இல்லைங்க, தண்ணீர்தான் கஷ்டம். கெட்டியான உணவு மெதுவாக நகரும், தண்ணீர் ஓடிவிடும். அது வந்து சேர்வதற்குள் குரல்வளை மேலேறி மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ள வேண்டும். தொண்டையில் இரண்டு விரல் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அது ஏறி இறங்குவது தெரியும். நரம்போ தசையோ தளர்ந்தால் அந்த ஏற்றம் பிந்தும், தண்ணீர் முந்திக்கொள்ளும். பக்கவாதத்திலும் பார்க்கின்சன் நோயிலும் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு 'ஆ' சொல்லச் சொல்வேன். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால், தண்ணீர் குரல் நாண் பக்கம் தேங்கியிருக்கலாம். இருமல் வரவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிலருக்கு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. திரும்பத் திரும்ப நிமோனியா வந்த பிறகுதான் தெரியும். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் பரிசோதனை உண்டு, அதைக் கேளுங்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்குவது எல்லோருக்கும் உதவாது, அதனால் அதை வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, முதலில் கெட்டியான உணவு மட்டும் நெஞ்சில் நின்று, நாளாக நாளாக மென்மையானதும் இறங்காமல் போனால் உணவுக்குழாய் குறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம் என்பதால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறேன். கேட்கவில்லை. படுத்தால் சாப்பிட்டது அப்படியே திரும்பி வருகிறது. தண்ணீர்கூட நிற்கிறது. எடையும் குறைந்துவிட்டது.

திரும்பி வருவது புளிக்கிறதா என்று கவனியுங்கள். புளிப்போ கசப்போ இல்லாமல், மென்ற உணவு மென்றபடியே வந்தால் அது வயிற்றுக்குப் போகவே இல்லை. கெட்டியானதும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து சிக்கினால் அக்கலேசியா என்ற நோயைச் சந்தேகிப்போம். உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு விழுங்கும்போது திறந்துகொடுக்க வேண்டும், இதில் அது இறுகியே நிற்கும். பல வருடம் 'அசிடிட்டி' என்று வைத்தியம் பார்த்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி இயல்பாகவே இருக்கலாம். பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும், உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரியும்தான் காட்டிக்கொடுக்கும். பலூனால் விரிக்கலாம், இல்லையென்றால் தசையை வெட்டிவிடலாம். அந்த அறுவை சிகிச்சையை 1913இல் ஹெல்லர் என்ற ஜெர்மானிய மருத்துவர் செய்தார். இன்றும் அவர் பெயர்தான். இப்போது வாய் வழியாகவே போய் வெட்டும் போயம் முறையும் இருக்கிறது. நல்ல பலன் கிடைக்கும். எடை குறைகிறது என்கிறீர்கள், அதனால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கேள்வி: தொண்டையில் உருண்டை மாதிரி இருக்கிறது. சாப்பிடும்போது மட்டும் தெரிவதில்லை.

சாப்பிடும்போது மறைவது நல்ல அறிகுறி. பெரும்பாலும் எதுக்களிப்பு, மன அழுத்தம், அடிக்கடி தொண்டையைச் செருமும் பழக்கம் ஆகியவையே காரணம். வலியோ, எடைக் குறைவோ, குரல் மாற்றமோ சேர்ந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்குக் காலையில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் இமை தொங்குகிறது, பேச்சு மூக்கால் வருகிறது, மெல்லவே அலுக்கிறது. அலுப்பு என்கிறார்கள்.

அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. ஓய்வெடுத்தால் சரியாகி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்வது மையஸ்தீனியா கிராவிஸ் நோயின் அடையாளம். நரம்பு சொல்வதைத் தசை வாங்கும் இடத்தை உடம்பின் எதிர்ப்பணுக்களே தடுத்துவிடுகின்றன. என்னிடம் வந்த ஒரு பெண் சாப்பாட்டின் கடைசிப் பகுதியில் இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். கேட்டபோது, 'இது பழகிடுச்சு' என்றார். வாய் தானாகத் தொங்குவதை அவர் நோயாகவே நினைக்கவில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையும், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பு ஸ்கேனும் எடுப்பார்கள். சில ஆன்டிபயாடிக்குகள் இதைத் தீவிரமாக்கும், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ எச்சிலை விழுங்க முடியாமல் போனாலோ அவசரப் பிரிவுதான், காத்திருக்கக் கூடாது.

கேள்வி: காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதமா, முகவாதமா?

புருவத்தை உயர்த்தும்போது அந்தப் பக்க நெற்றியும் அசையாவிட்டால் முக நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம். பெல்ஸ் பால்சி இந்த வகை. மூளைப் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், ஏனென்றால் அதற்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் இதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். திடீரென்று முகம் கோணினால் உடனே மருத்துவமனை. பெல்ஸ் பால்சி என்றாலும் ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண் மூடாது என்பதால் பகலில் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி ஒட்டுவது, இரண்டும் அவசியம். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: நெஞ்செரிச்சலோடு வாயும் முன்போல் அகலமாகத் திறக்க முடியவில்லை. குளிரில் விரல்கள் வெளுக்கின்றன.

மூன்றையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். தோல் இறுகும் ஸ்கிலிரோடெர்மா நோயில் உணவுக்குழாயின் கீழ்த் தசையும் செயலிழக்கும். மூட்டு வாத நிபுணர்தான் இதற்கு உரியவர்.

கேள்வி: அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா? தலையணை இரண்டு வைத்துப் படுத்தால் போதுமா?

பேன்டோபிரசோல் வகை என்றால் சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சாப்பாடு அமிலச் சுரப்பைத் தூண்டும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி, வயிறுதான் அழுந்தும். அதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். அப்புறம், இடது பக்கமாகப் படுத்துப் பாருங்கள்.