பந்து நின்ற பிறகு: முன்னாள் கால்பந்து வீரர்களின் பிழைப்பு பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டை மைதானங்களில் ஆடி வளர்ந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, முழங்கால் இடம் கொடாமல் போன பிறகு சில ஆண்டுகள் மாவட்டப் போட்டிகளில் நடுவராகவும் நின்றவன் நான். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, பெரிய வீரர்கள் எல்லாரும் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர்கள்தான் ஆகிறார்களா?

பதில்: இல்லை. ஓர் அணியில் இருபத்தைந்து பேர் ஆடினால் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்தானே இருக்க முடியும்? 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்த ரே வில்சன், பிறகு இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். அந்த இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட ஜெஃப் ஹர்ஸ்ட் காப்பீட்டுத் துறைக்குப் போனார். இங்கிலாந்தில் 1961 வரை ஒரு வீரரின் வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

நம் நாட்டிலிருந்து நான் எப்போதும் எடுத்துச் சொல்வது டாக்டர் டி. ஆவ் அவர்களைத்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அந்த நாகா இளைஞர், கல்கத்தாவில் மோகன் பகான் அணிக்கு ஆடிக்கொண்டே மருத்துவம் படித்தவர். பின்னாளில் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார். ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஆடிக்கொண்டிருந்தபோதே விடை தேடி வைத்திருந்த மனிதர் அவர்.

கேள்வி (வள்ளியூர்): ஐயா, என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேரளாவில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடினால் ஓர் ஆட்டத்துக்கே நல்ல பணம் தருகிறார்கள் என்று சொல்லிப் படிப்பை விடப் பார்க்கிறான். விடலாமா?

பதில்: விடக் கூடாது. செவன்ஸில் பணம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மழை ஓய்ந்த பிறகு தொடங்கி, கோடையோடு முடிந்துவிடும் பருவ ஆட்டம். காயம் பட்டால் மருத்துவச் செலவை ஏற்பவர் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம் என்பதால், அங்கே நூறு கோல் போட்டாலும் அரசு வேலைக்குக் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் கூடக் கிடைக்காது.

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்கப்படும் சான்றிதழ்ப் படிவங்களை உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நாட்டுக்கு ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4. படிவம் 3 கல்லூரியில் படிப்பவனுக்குத்தான் கிடைக்கும். அதாவது படிப்பை விடும் நாளிலேயே அந்த வாசலும் அவனுக்கு மூடிவிடுகிறது. தமிழக அரசுப் பணிகளிலும் சிறந்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை என்று சென்னை லீக்கில் ஆடிய அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே, நம் பக்கத்துப் பையன்கள் கால்பந்தால் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது விளங்கும். விடுமுறையில் அவன் செவன்ஸ் ஆடிவிட்டு வரட்டும், ஆனால் தேர்வு நாளில் தேர்வுக் கூடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி (தென்காசி): எனக்கு வயது 34. மாவட்ட அணிக்கு ஆடியிருக்கிறேன். இனிப் பயிற்சியாளர் ஆக வழி உண்டா?

பதில்: உண்டு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்கநிலை உரிமங்களில் ஆரம்பித்து, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்று ஏறி, இறுதியில் புரோ உரிமம் வரை போகலாம். ஒவ்வொரு படிக்கும் பணமும் இடையில் களத்தில் பயிற்சி அளித்த அனுபவமும் தேவைப்படும். பள்ளியில் நிலையான வேலை வேண்டுமென்றால் உங்களிடம் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு ஆண்டு பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டப் படிப்பை முடித்து உடற்கல்வி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். அதற்குத் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்பது நிச்சயமில்லை. உயரத்திலிருந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஒருவன் அதை எப்படிச் செய்வது என்று கேட்டபோது, ஒரு மணி நேரம் செய்து காட்டினேனே ஒழிய என் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வாக்கியம் வரவில்லை. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில்): நடுவர் வேலை எப்படி?

பதில்: கால்பந்தை விட மனமில்லாதவர்களுக்கு ஏற்றது, சோறு போடும் தொழில் அன்று. உடலும் ஒத்துழைக்க வேண்டும். சர்வதேச ஆண் நடுவர்களுக்கான தேர்வில் 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடந்து, இதையே 40 முறை செய்து காட்ட வேண்டும்.

கேள்வி (சேரன்மகாதேவி): பெண்களுக்கு இந்த வழிகள் எல்லாம் பொருந்துமா அண்ணாச்சி?

பதில்: பொருந்தும் அம்மா. தமிழகப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018இலும் 2023இலும் வென்றிருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பெண்களின் ஆட்டத்தில் இன்னும் பெரும் பணம் புழங்காததால், ஆடும்போதே ஒரு வேலையில் சேர்ந்துகொள்வது ஆண்களைவிட அவர்களுக்கு அவசியமாகிறது.

கேள்வி (மேலப்பாளையம்): ஆட்டத்தை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. எடை கூடிவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

பதில்: மைதானத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ஓடியபோது சாப்பிட்ட பரோட்டாவின் எண்ணிக்கையை, ஓட்டம் நின்ற பிறகும் நம்மில் பலர் குறைப்பதில்லை. பழைய மூட்டுக் காயம் உள்ளவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அந்த முழங்காலின் மேல்தான் இறங்கும். எலும்பு மருத்துவரைப் பார்த்து, தொடைத் தசைகளுக்கான பயிற்சிகளைக் கேட்டுச் செய்யுங்கள். தலையையும் மறக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மறதி நோய் போன்ற மூளை நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று காட்டியது. மாரடைப்பு வகை இறப்புகளோ அவர்களிடம் குறைவாக இருந்தன. சிறு பிள்ளைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சியை அளவோடு கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (தென்காசி): சினிமா, அரசியல்?

பதில்: இந்திய அணிக்கு ஆடியவர்களில் ஐ.எம். விஜயன் சினிமாவில் நடித்தார், பிரசூன் பானர்ஜி நாடாளுமன்றம் போனார். லைபீரிய வீரர் ஜார்ஜ் வியா தன் நாட்டுக்கு அதிபரே ஆனார். அவை விதிவிலக்குகள், அவற்றை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

கேள்வி (களக்காடு): என் தகப்பனார் எழுபதுகளில் மாநில அணிக்கு ஆடியவர். இப்போது வருமானம் இல்லை. அரசு உதவி ஏதேனும் கிடைக்குமா?

பதில்: நலிந்த நிலையிலுள்ள முன்னாள் சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் ரூ.6,000 ஓய்வூதியம் வழங்குகிறது. 58 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசியப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும், அல்லது நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு. முதியோருக்கான போட்டிகளில் வென்ற பதக்கங்கள் கணக்கில் வராது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பாருங்கள்.

உங்கள் தகப்பனாரின் சான்றிதழ்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். கரையான் அரித்திருந்தால் அந்த ஆண்டின் அணிப் புகைப்படத்தையும் பத்திரிகைத் துணுக்குகளையும் எடுத்துக்கொண்டு மாநிலக் கால்பந்துச் சங்கத்தில் நகல் கேட்கலாம். அவரோடு ஆடியவர்கள் இருவர் மூவரையும் கையோடு அழைத்துப் போங்கள். சாட்சி சொல்ல அவர்கள் இருக்கும்போதே, இந்த மாதத்திலேயே போய்விடுவது நல்லது.