3/7 பெரிதா, 5/12 பெரிதா?

இந்த இரண்டில் எது பெரிது என்று சட்டென்று சொல்ல வரவில்லை, பின்னங்கள் மனதில் நிற்பதேயில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

நான் பாதியை வைத்துத்தான் பார்ப்பேன். 7-இல் பாதி மூன்றரை. ஆக 3/7 பாதிக்கு 1/14 குறைவு. 12-இல் பாதி 6. 5/12 பாதிக்கு 1/12 குறைவு. 1/14 சின்னக் குறைவு என்பதால் 3/7 பெரிது. அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று பிரித்துப் பார்க்கும்போது. 1978-இல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த ஒரு தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் கிட்டத்தட்ட ஒன்று, எனவே 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம் பேர்தான்! பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21. கூட்டல் சரி, அளவுதான் கண்ணில் படவில்லை.

என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் 1/4-ஐ விட 1/8 பெரிது என்பார்கள், 8 பெரிய எண்ணாயிற்றே. அதே பிள்ளை கடையில் முக்கால் கிலோ தக்காளி கேட்கத் தடுமாறுவதில்லை. முக்கால் என்றதும் 3, 4 எல்லாம் ஞாபகம் வராது. தராசுத் தட்டில் ஏறும் அளவு மட்டும் தெரியும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர்களிடம் இப்படிப்பட்ட அளவுகள் நிறைய இருந்தன. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கினால் 1/16. இன்னொரு வரிசையில் மா என்றால் 1/20, அதில் கால் பங்கு காணி, 1/80. காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. பின்னத்துக்கே பெருக்கல் வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: அரையை அரையால் பெருக்கினால் கால், காலைக் காலால் பெருக்கினால் வீசம். இதை நாம் கைவிட்டது பெரிய இழப்பு. தொகுதி, பகுதி சொல்லித்தரும் முன்பே அரையிலிருந்து வீசம் வரைக்குமாவது பிள்ளைகள் வாயில் ஏறிவிட வேண்டும் என்பேன்.

அப்புறம், ஏழின் கீழ் வரும் பின்னங்களுக்குத் துல்லியமான மதிப்பு வேண்டுமென்றால் 142857-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1/7 முதல் 6/7 வரை இதே ஆறு இலக்கங்கள்தான் சுற்றி வரும். தொடங்கும் இலக்கம் மட்டும் 1, 2, 4, 5, 7, 8 என்று ஏறுவரிசையில் மாறும். 5/7 என்றால் ஐந்தாவது, அதாவது 7-இல் தொடங்கி 0.714285 என்று போகும்.