மாதவிலக்கு நிற்கும் வயதில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதம் வராமல் இருக்கும், வந்தால் பத்து நாள் போகும். திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து வியர்க்கிறது. தூக்கமில்லை, அசதி, முடி வேறு கொட்டுகிறது. "ஹார்மோன் குறைந்துபோனதால் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கூடிவிட்டது" என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் மாதம் 2,800 ரூபாய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, முடி-தோல் மாத்திரை, கிரீன் டீ எல்லாம் சேர்த்துத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அல்ல, அந்தப் பத்து நாள் போக்கு. அதற்கு வருகிறேன். முதலில், அவர் சொன்னதில் எது சரி, எது சரியில்லை என்று பார்த்துவிடலாம்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி சக்தி தயாரிக்கும்போது, ஒரு சிறு பங்கு ஃப்ரீ ராடிக்கலாக மாறுகிறது. அது பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் சிதைக்கும். அதை அடக்க உடம்பிலேயே சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. அடக்கும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் கூடிவிட்டால் அதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்த நொதிகள் சிலவற்றின் உற்பத்தியைத் தூண்டுகிறது. மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு குறைவது உண்மை. அந்த வயதில் கெட்ட கொழுப்பு ஏறுவதும் எலும்பு வேகமாகத் தேய்வதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு சேர்ந்து நடப்பவைதான்.

ஆனால் உங்களுக்கு மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்தைய இந்தச் சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் பாதாளத்துக்குப் போகும், அடுத்த மாதம் இருபத்தைந்து வயதில் இருந்ததைவிட அதிகமாகவும் ஏறும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன்தான் சுரக்காமல் போகிறது. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், பிறகு துண்டு துண்டாக உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து பத்து நாள் போவது பெரும்பாலும் இப்படித்தான். இன்னொன்றும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் உடைக்கப்படும்போது வரும் சில துணைப்பொருள்களே ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கும். ஈஸ்ட்ரோஜன் என்றாலே ஆன்டிஆக்ஸிடன்ட், அது குறைந்தால் மாத்திரையால் ஈடுகட்டலாம் என்ற கணக்கு அவ்வளவு நேராக வராது.

மாத்திரையால் ஈடுகட்ட முடியுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 45 வயதைத் தாண்டிய சுமார் 40,000 பெண்களில் பாதிப்பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 600 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று பத்து வருடம் கொடுத்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் என்று எடுத்தால் மொத்தத்தில் குறையவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஃப்ரீ ராடிக்கல் வெறும் கழிவு அல்ல. கருமுட்டை வெடித்து வெளிவருவதற்கே அது தேவை. உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்தான் "நொதிகளைக் கூட்டு" என்று செல்லுக்கு உத்தரவு கொடுக்கிறது. தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தபோது, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய முன்னேற்றமே தடைபட்டதாக 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

அந்த முடி-தோல் மாத்திரையின் லேபிளைப் பாருங்கள். பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கும், 5 மி.கி. அல்லது 10 மி.கி. என்று. ஒரு நாளைக்குத் தேவையோ சில பத்து மைக்ரோகிராம்தான். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருக்கும்போது தைராய்டு பரிசோதனை செய்தால், பல லேப் கருவிகளில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் காட்டும். உங்களுக்கு உண்மையிலேயே தைராய்டு குறைவாக இருந்தால் அது மறைந்துபோகும். அசதி, முடி கொட்டுதல், அதிகப் போக்கு மூன்றுக்கும் தைராய்டு ஒரு காரணம் என்பதால் உங்கள் விஷயத்தில் இந்தத் தவறு நேரக்கூடாது. பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்தே ரத்தம் கொடுங்கள்.

கிரீன் டீ பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அளவு மீறினால் எலும்பில் படியும் ஃபுளோரைடைத் தேயிலைச் செடி மண்ணிலிருந்து எடுத்து இலையில் சேர்த்து வைக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஏற்கெனவே பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். குடிக்க, சமைக்க, டீ போட எல்லாவற்றுக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் பாத்திரம் கழுவவும் துவைக்கவும் இருக்கட்டும். பிற்காலத்தில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால், சிறு வயதிலிருந்து எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபுளோரைடு படிந்த முதுகெலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், உள்ளே பலவீனமாக இருக்கும்.

கிரீன் டீயைச் சாறாக்கி அடைத்த கேப்ஸ்யூல் அந்தப் பையில் இருந்தால் தொடவே தொடாதீர்கள். அதிக அளவில் அது கல்லீரலைப் பாதிப்பது தெரிந்த விஷயம்.

இப்போது அந்தப் பத்து நாள் போக்கு. 47 வயதிலும் கர்ப்பம் தரிக்கலாம், அதனால் முதலில் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை. பிறகு ஹீமோகுளோபின், டிஎஸ்எச், சர்க்கரை, ரத்த அழுத்தம், கருப்பை ஸ்கேன். 45 வயதுக்கு மேல் போக்கு மாறினால், ஸ்கேன் நன்றாக இருந்தாலும் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது நல்லது. புற்றுநோயோ அதன் முன்நிலையோ இல்லை என்று அப்போதுதான் உறுதியாகும். ரத்தப் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். ஸ்கேனுக்கும் துணுக்குப் பரிசோதனைக்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பெரிய ரத்தக் கட்டிகளாக வந்தாலோ, தலை சுற்றினாலோ நாள் பார்க்காமல் அன்றே போங்கள்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். டீயும் கால்சியம் மாத்திரையும் அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் கிரீன் டீயும் இரும்பை உறிஞ்ச விடாது. அசதிக்கென்று வாங்கியதே அசதியைக் கூட்டும் நிலை அது.

முகம் கொதிப்பது தூக்கத்தையே கெடுக்கிறது என்றால் அதற்கு அதிகப் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஹார்மோன்தான். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கும், காரணம் தெரியாத போக்கு இருப்பவர்களுக்கும் கூடாது. உங்கள் போக்குக்குக் காரணம் தெரிந்த பிறகே இதைப் பேச முடியும். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன.

சாப்பாட்டில் உங்கள் ஊர் உங்களுக்குச் சாதகம். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 360 மி.கி. கால்சியம் இருக்கிறது, ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். களியைவிட, இரவே கரைத்துப் புளிக்க வைத்த கூழில் அந்தக் கால்சியம் இன்னும் நன்றாக உடம்பில் சேரும். தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதலாகக் கிடைக்கும். வைட்டமின் சி-க்கு ஒரு கொய்யா போதும், ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். ஒரு பிடி நிலக்கடலை, தினம் ஒரு கீரை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். விறகடுப்பு என்றால் புகை வெளியேற வழி செய்யுங்கள். ஃப்ரீ ராடிக்கலைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கமானால், மாத்திரையைவிட இந்த இரண்டும் முக்கியம்.

மாத்திரைகளை ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. டப்பாக்களை மட்டும் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மாதவிலக்கு வந்த தேதியையும் போன நாள்களையும் காலண்டரில் குறித்து, அதையும் காட்டுங்கள்.