காலில் ஏது முழம்?

கேள்வி: முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம், அதனால்தான் அது முழங்கை என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “அப்போ முழங்கால்? காலால் யாராவது முழம் போடுவார்களா?” என்று மடக்கிவிட்டாள். என்ன பதில் சொல்ல?

பதில்: நியாயம் உங்கள் மகள் பக்கம்தான். கடிதத்தைப் படித்ததும் தையல் டேப்பை எடுத்து என்னையே அளந்து பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை 45 செ.மீ. முழங்காலிலிருந்து குதிகால் வரை 49. கிட்டத்தட்ட வருகிறதே, ‘காலிலும் ஒரு முழம் இருக்கிறது’ என்று சமாளித்துவிடலாமா என ஒரு நிமிடம் சபலம் தட்டியது. குறுந்தொகை கெடுத்துவிட்டது. அதன் 394ஆம் பாட்டு ‘முழந்தாள் இரும்பிடி’ என்று தொடங்குகிறது. தாள் என்றால் கால். பிடி, பெண் யானை. யானைக் காலை என் டேப் கணக்கில் அடக்க முடியுமா?

சரி, அளவை விடுங்கள், மடிப்பைப் பாருங்கள். கை மடங்கும் இடம் முழங்கை, கால் மடங்கும் இடம் முழங்கால். இரண்டுக்கும் பொது, மூட்டுதான். பேச்சிலும் கை முட்டி, கால் முட்டி என்று ஒரே சொல்லைத்தானே இரண்டுக்கும் வைத்திருக்கிறோம்? தெலுங்கில் முழங்கால் ‘மோகாலு’, முழங்கை ‘மோச்சேயி’. கன்னடத்தில் ‘மொணகாலு’, ‘மொணகை’. அங்கேயும் ஜோடி பிரியவில்லை. அப்புறம், கணுக்காலிலும் மணிக்கட்டிலும் புடைத்து நிற்கும் எலும்பைச் சில ஊர்களில் ‘மொழி’ என்பார்கள். பேசுகிற மொழி இல்லை, மூட்டு என்று பொருள். கரும்பின் கணுவுக்கும் அந்தப் பெயர் உண்டு. இந்த மொழியும் முழங்கையின் ‘முழ’வும் ஒரே வேர் என்பது என் கட்சி.

அப்படியானால் முழம் என்ற அளவு? மூட்டில் தொடங்குவதால் மூட்டின் பெயரையே வாங்கிக்கொண்டது என்பேன். லத்தீனிலும் இதே கதைதான். ‘கூபிடும்’ என்றால் முழங்கை, அந்த அளவுக்கும் அதே பெயர். ஆங்கில பைபிளில் நோவாவின் பேழையை அளக்கும் ‘கியூபிட்’ அதிலிருந்து வந்தது; தமிழ் பைபிளில் அந்த இடத்தில் நம் முழம், நீளம் முந்நூறு முழம்.

ஆக, நீங்கள் மகளிடம் சொன்னதைத் திருப்பிப் போட்டால் போதும். முழத்தால் முழங்கை வரவில்லை, முழங்கையால் முழம் வந்தது.

இன்னொன்று, இது என் பழைய எரிச்சல். மணிக்கட்டு வரை வரும் சட்டையை ‘முழங்கைச் சட்டை’ என்று எழுதுகிறார்கள். அது முழுக்கைச் சட்டை. முழங்கையோடு நின்றுவிடுவது அரைக்கைச் சட்டை.