முயல் ஆராய்ச்சி சோறு போடுமா?

வணக்கம் ஐயா. “முயல் என்ன தின்கிறது என்று படித்து யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ முடித்த உங்கள் பெண் நீட் வேண்டாம் என்றால் கவலை வரத்தான் செய்யும். ஆனால் அவள் கேட்கும் படிப்பு, அதாவது காட்டு விலங்குகளின் உணவையும் உடலையும் ஆராய்வது, காட்டைச் சுற்றிப் பார்ப்பது அல்ல.

ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைகளில் மழையும் உருகும் பனியும் மண்ணிலுள்ள சோடியத்தை, அதாவது உப்பிலுள்ள தாதுவை, அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே முளைக்கும் புல்லில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். அதைத் தின்னும் காட்டு முயல்களை டெரெக் டென்டன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியின் குழுவினர் 1960களில் ஆராய்ந்தார்கள். முயல்களின் சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளியடுக்கு பெருத்திருந்தது. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடியிருந்தது. உடம்பில் இருக்கும் கொஞ்ச உப்பையும் சிறுநீரகம் வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டுமே! சோடியம் உப்பில் ஊறிய மரக்குச்சிகளை நட்டு வைத்தபோது, முயல்கள் தேடி வந்து கடித்துத் தின்றன. குட்டிக்குப் பால் கொடுக்கும் நாட்களில் இந்தத் தேவை இன்னும் அதிகம். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் தரும் மாத்திரைகளில் பலவும் இதே ஹார்மோன் பாதையில்தான் வேலை செய்கின்றன. முயலோடு முடிந்துவிடும் விஷயமில்லை இது.

சரி, படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தால், துணைப்பாடமாக வேதியியல் கட்டாயம் இருக்கட்டும். அப்புறம் மயிலாடுதுறை பக்கத்திலுள்ள மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்திலும் படிக்கலாம். அங்கே இடங்கள் குறைவு, நுழைவுத்தேர்வு கடினம். இன்னொரு வழி பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் படிப்பு, ஐந்தரை ஆண்டு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை ஊட்டச்சத்தில் மேற்படிப்பு படித்துவிட்டுக் காட்டு விலங்குகள் பக்கம் திரும்பலாம். என்னைக் கேட்டால், கட்-ஆஃப் இருந்தால் இதையே முதலில் போடச் சொல்வேன்.

சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். காட்டுயிர் ஆராய்ச்சியில் ஆரம்ப வருடங்கள் பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான். ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஆனால் தீவனம், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றிலும் தாது அளவு பார்க்கக் கற்றவளுக்கு மாட்டுத்தீவன ஆலை, உணவுப் பரிசோதனைக்கூடம், மண் ஆய்வகம் என்று வேறு கதவுகளும் உண்டு.

எனக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றுதான். அவளுக்குப் பிடித்தது முயலா, இல்லை ஆய்வக வேலையுமா? வேதியியல் என்றாலே ஓடுகிறவள் என்றால் இந்தத் துறை வேண்டாம். கவுன்சலிங்குக்கு முன்பு அவளையே என்னிடம் போனில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பேசினால் நல்லது.