மெஷினுக்கு லைசென்ஸ் வேண்டாம், அழுக்குத் தண்ணீருக்கு வேண்டும்

கேள்வி: பிரஷர் வாஷர் வாங்கி, வீடு வீடாகப் போய் மொட்டை மாடி, காம்பவுண்டு சுவர், கார் எல்லாம் கழுவித் தருகிறேன். அடுத்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வாட்டர் சர்வீஸ் போடலாம் என்று இருக்கிறேன். என்னென்ன லைசென்ஸ் எடுக்கணும்? செப்டிக் டேங்க் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள், போகலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வீடு வீடாகப் போகிற வரைக்கும் பெரிய தலைவலி இல்லை. தண்ணீரும் கரண்டும் அந்த வீட்டுக்காரருடையது, மெஷின் மட்டும்தான் உங்களுடையது, அதை வைத்திருக்கத் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) மட்டும் போட்டுவையுங்கள், பேங்க் லோனுக்குப் போகும்போது கேட்பார்கள். ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே முடித்துவிடலாம். அரசு ஒரு பைசா வாங்குவதில்லை, யாராவது ‘ஃபீஸ்’ என்று கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்குத்தான். ஜி.எஸ்.டி. வருஷத்துக்கு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் 20 லட்சம் என்பது லாபம் இல்லை, மொத்த வரவு. கம்பெனி வேலை பிடிக்க நினைத்தால் அதற்கு முன்னாலேயே நம்பர் கேட்பார்கள், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

கடை போட்டால் கதை வேறு. முதலில் மாநகராட்சியில் தொழில் உரிமம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிற ரசீதைக் காட்டி ‘இதுதான் லைசென்ஸ்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அது வரி, இது அனுமதி, இரண்டும் வேண்டும்.

அப்புறம் பலரும் கோட்டைவிடுகிற இடம், மாசு கட்டுப்பாட்டு வாரியம். வண்டி கழுவின தண்ணீர் வெறும் சேறு இல்லை, கிரீஸ், ஆயில், ஷாம்பு நுரை எல்லாம் கலந்தது. அதை அப்படியே தெருச் சாக்கடையில் விட முடியாது. 1974ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கட்டுவதற்கு முன் ஒரு இசைவு, ஓட்டுவதற்கு முன் ஒரு இசைவு என்று இரண்டு கட்டமாக வாங்கணும். அதனால் ரேம்ப் கட்டும்போதே தொட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முதல் அறையில் மண் படியும், அடுத்ததில் ஆயில் மேலே மிதக்கும், வெளியே போகிற பைப்பை அந்த ஆயிலுக்குக் கீழே இருந்து எடுக்கணும். பைப்பை மேலே வைத்துவிட்டால் தொட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஆயில்தான் முதலில் வெளியே போகும். காங்கிரீட் போட்டபிறகு இதை மாற்றுவது பெரிய செலவு.

கரண்டையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று வீட்டு லைனிலிருந்து ஒயரை இழுத்தால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில் மாட்டுவீர்கள், உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். வணிக இணைப்பு தனியாக வாங்கிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் வேண்டாம். ஜெட் அடிக்கத்தானே போகிறோம் என்று ஆரம்பிக்கும், அடைப்பு எடுக்க ஒரு ஆளை உள்ளே இறக்குவதில் முடியும். உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்கினால், மனிதரே கழிவு அள்ளுவதைத் தடை செய்கிற 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். உயிர் போனால் என்ன சொல்வது? அந்த வேலைக்கு உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: தண்ணீர் அடித்ததில் காரின் பெயிண்ட் உரிந்துவிட்டது. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பில்லில் அச்சடித்திருந்தேன். இருந்தும் பணம் கேட்கிறார்கள், நான் கொடுக்கணுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்கிற சேவையில் குறை என்று அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று தெரிந்தால் அச்சடித்த வரி காப்பாற்றாது. பழைய ரீ-பெயிண்ட் ஏற்கெனவே உப்பியிருந்ததா? அப்படியென்றால் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு, ஆனால் அதைக் காட்ட வேலைக்கு முன் எடுத்த போட்டோ வேண்டும். எந்த நாசில் (தண்ணீர் பீய்ச்சுகிற முனை) போட்டீர்கள் என்றும் பாருங்கள். சிவப்பு நாசில் ஊசி மாதிரி ஒரே புள்ளியில் அடிக்கும், காருக்கு அது ஆகாது, தண்ணீரை 40 டிகிரி விரித்து அடிக்கிற வெள்ளைதான் சரி.